போஸ்ட்கிரெஸ் சர்வர் முரண்டு பிடிக்கிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழிமுறை

தரவுத்தளம் நின்றுபோனால் பலருடைய கை முதலில் போவது ரீஸ்டார்ட் கட்டளைக்குத்தான். இணைப்புகள் அறுந்து, பூட்டுகள் அவிழ்ந்து, எல்லாம் சரியாகிவிட்டதுபோல் தோன்றும். ஆனால் கோளாறைக் கிளப்பியது எது என்பதற்கான தடயமும் அதோடு அழிந்துபோகும். அதே கோளாறு மறுபடி வரும்போது மீண்டும் முதலிலிருந்து தேட வேண்டியதுதான்.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் வரும் தொல்லைகளில் பெரும்பங்கு ஒரே வகையைச் சேர்ந்தது: யாரோ எதையோ பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கிறார்கள். அது இணைப்பாக இருக்கலாம், பூட்டாக இருக்கலாம், செத்துப்போன பதிவுகளாக இருக்கலாம், டிஸ்கில் குவியும் கோப்புகளாகவும் இருக்கலாம். எந்த அமைவை எவ்வளவு கூட்டுவது என்ற யோசனையை ஒத்திவைத்துவிட்டு, யார் பிடித்திருக்கிறார் என்று தேடுங்கள். கீழே உள்ள அறிகுறிகளில் பாதிக்கு மேல் அந்தத் தேடலிலேயே தீர்ந்துவிடும்.

தொடங்குமுன் இரண்டு செய்திகள். கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில், அடிக்கோடுகளோடு எழுதுங்கள். அடுத்து, உங்கள் சர்வரின் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று ஊகிக்காதீர்கள், சர்வரையே கேளுங்கள். 'ஷோ கான்ஃபிக்_ஃபைல்', 'ஷோ ஹெச்பிஏ_ஃபைல்', 'ஷோ டேட்டா_டைரக்டரி', 'ஷோ லாக்_டைரக்டரி' ஆகிய நான்கும் விடை சொல்லும். ஒரே கணினியில் இரண்டு பதிப்புகள் நிறுவப்பட்டிருக்க, ஒன்றின் கோப்பைத் திருத்திவிட்டு மற்றொன்றை ரீஸ்டார்ட் செய்துகொண்டிருப்பவர்கள் நிறைய.

இணைப்பே கிடைக்கவில்லை

'இணைக்க முடியவில்லை' என்று மட்டும் புகார் வந்தால் திருப்பி அனுப்புங்கள். பிழைச்செய்தியின் சரியான வாசகம் வேண்டும். ஏனென்றால் ஒவ்வொரு வாசகமும் வேறுவேறு இடத்தைக் காட்டுகிறது.

'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' என்று உடனே வந்தால், அந்த முகவரியில், அந்தப் போர்ட்டில் காதுகொடுத்துக் கேட்க ஆளில்லை. சர்வர் ஓடாமல் இருக்கலாம். வழக்கமான 5432 தவிர வேறு போர்ட்டில் ஓடலாம். அல்லது 'லிசன்_அட்ரஸஸ்' அமைவு அதன் இயல்பு மதிப்பான 'லோக்கல்ஹோஸ்ட்' என்பதிலேயே இருக்கலாம். அப்போது உள்ளே இருப்பவர்கள் மட்டும்தான் பேச முடியும். இந்த அமைவை மாற்றினால் ரீஸ்டார்ட் கட்டாயம், ரீலோட் (சர்வரை நிறுத்தாமல் அமைவுகளை மறுபடி படிக்கச் சொல்வது) போதாது.

பிழையே வராமல் வெகுநேரம் தொங்கிக் கடைசியில் 'டைம்அவுட்' என்று வந்தால், வழியில் எங்கோ ஒரு ஃபயர்வால் பொட்டலங்களை விழுங்கிக்கொண்டிருக்கிறது. போஸ்ட்கிரெஸ் அமைவுகளில் கைவைக்க அவசியமில்லை.

'நோ பிஜி_ஹெச்பிஏ.கான்ஃப் என்ட்ரி' என்று வந்தால் மகிழுங்கள். யாரை உள்ளே விடலாம் என்ற விதிகள் உள்ள கோப்பு அது. சர்வர் வரை போய்விட்டீர்கள், வாசலில் மட்டும் நிறுத்தப்பட்டிருக்கிறீர்கள். அந்தச் செய்தியிலேயே எந்த முகவரியிலிருந்து, எந்தப் பயனராக, எந்தத் தரவுத்தளத்துக்கு வந்தீர்கள் என்று எழுதியிருக்கும். கடைசியில் 'நோ என்க்ரிப்ஷன்' என்றும் இருந்தால் கவனியுங்கள்: கோப்பில் உங்களுக்கான விதி 'ஹோஸ்ட்எஸ்எஸ்எல்' என்று தொடங்கி, நீங்கள் மறையாக்கம் இல்லாமல் வந்திருக்கலாம்.

இந்தக் கோப்பு மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதலில் பொருந்தும் வரியே இறுதித் தீர்ப்பு. அது மறுத்துவிட்டால் அடுத்த வரிக்குப் போகாது. ஆகவே பொதுவான ஒரு மறுப்பு விதிக்குக் கீழே உங்கள் அனுமதி வரியை எழுதினால் அது செத்த எழுத்து. திருத்தியபின் 'பிஜி_ஹெச்பிஏ_ஃபைல்_ரூல்ஸ்' என்ற காட்சியை (அட்டவணைபோல் படிக்கக்கூடிய 'வியூ') பாருங்கள். கோப்பில் இப்போது உள்ளவை வரி வரியாகத் தெரியும். தவறான வரிக்கு நேரே 'எரர்' நெடுவரிசையில் காரணமும் இருக்கும். ரீலோட் செய்யும்போது கோப்பில் பிழை இருந்தால் சர்வர் பழைய விதிகளையே வைத்துக்கொண்டு, லாகில் ஒரு வரி மட்டும் எழுதிவிட்டு அமைதியாக ஓடும். மாதங்கள் கழித்து வேறு ஏதோ காரணத்துக்காக ரீஸ்டார்ட் செய்வீர்கள். அப்போது அதே பிழைக்காகச் சர்வர் எழ மறுக்கும். திருத்தியவர் அதற்குள் வேறு வேலைக்கே போயிருப்பார்.

'பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன் ஃபெயில்டு' என்பது கொஞ்சம் தந்திரமான செய்தி. பயனரே இல்லாவிட்டாலும், கடவுச்சொல் தவறானாலும், அதன் காலக்கெடு முடிந்திருந்தாலும் வெளியே இருப்பவருக்கு இதே வாசகம்தான் போகும். திருடனுக்குத் துப்புக் கொடுக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. உண்மை சர்வரின் லாகில் இருக்கிறது. அந்தப் பிழைக்கு அடுத்து 'டீடெய்ல்' என்று தொடங்கும் வரி, அப்படியொரு பயனர் இல்லை என்றோ, கடவுச்சொல்லே அமைக்கப்படவில்லை என்றோ பச்சையாகச் சொல்லும். ஹெச்பிஏ கோப்பில் எத்தனையாவது வரி பொருந்தியது என்பதையும் சொல்லும். நீங்கள் எதிர்பார்த்த வரி எண் வேறாக இருந்தால் கோளாறு எங்கே என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

பதிப்பு 14 முதல் புதிய கடவுச்சொற்கள் இயல்பாக ஸ்க்ராம் முறையில் சேமிக்கப்படுகின்றன. பழைய எம்டி5 வடிவில் சேமித்த கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு கோப்பில் ஸ்க்ராம் என்று மட்டும் மாற்றினால் அந்தப் பயனர் உள்ளே வர முடியாது. கடவுச்சொல்லை ஒருமுறை புதிதாக அமைக்க வேண்டும். பழைய டிரைவர் ஸ்க்ராம் புரியாமல் முறையிட்டால் டிரைவரைப் புதுப்பியுங்கள். சர்வரின் பாதுகாப்பைக் குறைத்து டிரைவரைச் சமாதானப்படுத்துவது தலைகீழான தீர்வு.

'பியர் ஆதென்டிகேஷன் ஃபெயில்டு' உள்ளூர் சாக்கெட் வழியாக வரும்போது மட்டும் காணப்படும். இயங்குதளத்தின் பயனர்பெயரும் தரவுத்தளப் பயனர்பெயரும் ஒன்றாக இல்லை என்று பொருள். 'சூடோ' கொண்டு சரியான பயனராக மாறி வாருங்கள், அல்லது ஹோஸ்ட் முகவரி கொடுத்துக் கடவுச்சொல்லோடு வாருங்கள். 'டிரஸ்ட்' என்று மாற்றிவிடச் சொல்லும் ஆலோசனை இணையமெங்கும் கிடைக்கும். வீட்டுப் பூட்டு இறுகிவிட்டது என்று கதவையே கழற்றி வைப்பது அது.

'டூ மெனி க்ளையன்ட்ஸ்' என்று வருகிறது

'மேக்ஸ்_கனெக்ஷன்ஸ்' இயல்பாக 100. அதில் 3 இடங்கள் எல்லா அனுமதியும் உள்ள சூப்பர்யூசருக்கென ஒதுக்கப்பட்டவை. ஆகவே அவையும் நிரம்பாதவரை, இந்த நேரத்திலும் நீங்கள் சூப்பர்யூசராக உள்ளே நுழைந்து பார்க்கலாம். பயன்பாட்டையே சூப்பர்யூசராக இணைத்து வைத்திருந்தால் அந்த 3 இடமும் போயிருக்கும், வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

உள்ளே போனதும் 'பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி' காட்சியில் 'ஸ்டேட்' நெடுவரிசை வாரியாக எண்ணிப் பாருங்கள். பெரும்பாலானவை 'ஐடில்' என்றால், பயன்பாட்டுச் சர்வர்களின் இணைப்புத் தொட்டிகள் (திறந்து தயாராக வைத்திருக்கும் இணைப்புகள்) தேவைக்கு மேல் பெரிதாக இருக்கின்றன. ஒவ்வொரு தொட்டிக்கும் 20 இணைப்பு, இப்படி 6 சர்வர்கள் என்றால் 120. கணக்கு அங்கேயே உதைக்கிறது. 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்' நிறைய இருந்தால் அது நிரல்பிழை: பரிவர்த்தனையை (ஒன்றாகவே உறுதியாகும் கட்டளைத் தொகுதியை) திறந்துவிட்டு மூடாமல் வேறு வேலைக்குப் போயிருக்கிறார்கள். 'ஆக்டிவ்' நிறைய இருந்தால் இணைப்புக் குறைபாடு வெறும் விளைவுதான். வினவல்கள் ஏன் முடியாமல் நிற்கின்றன என்று அடுத்த பகுதியில் தேடுங்கள்.

எண்ணிக்கையை 1000 ஆக்கிவிடலாமே என்ற ஆசை வரும். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு இணைப்பும் தனி புராசஸ். எண்ணிக்கையைக் கூட்டக் கூட்ட நினைவகமும் அவற்றுக்கிடையே மாறி மாறி ஓடும் செலவும் கூடுகின்றன. வேலை வேகமாக முடிவதில்லை. நடுவில் பிஜிபவுன்சர் போன்ற, சில இணைப்புகளைப் பலருக்குப் பகிர்ந்து தரும் ஒரு பூலரை வைப்பதே நல்ல வழி. ரெப்ளிகா (நகல் சர்வர்) இருந்தால் இன்னொரு பொறியும் உண்டு: ரெப்ளிகாவில் இந்த எண் மூலச் சர்வரான பிரைமரியைவிடக் குறைவாக இருக்கக்கூடாது. கூட்டுவதானால் முதலில் ரெப்ளிகாவில் கூட்டிவிட்டுப் பிறகு பிரைமரியில் கூட்டுங்கள்.

எல்லாம் உறைந்துவிட்டது, சிபியு மட்டும் சும்மா இருக்கிறது

பயன்பாடு முழுவதும் பதிலில்லாமல் நிற்கிறது. சர்வரைப் பார்த்தால் சிபியு தூங்குகிறது, டிஸ்க் தூங்குகிறது. இது ஏறக்குறைய எப்போதும் பூட்டு விவகாரம்தான். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அறிக்கைக் கருவி 'ஆர்டர்ஸ்' அட்டவணையை ஒரு பரிவர்த்தனைக்குள் படித்துவிட்டு, முடிக்காமல் காத்திருக்கிறது. படித்ததற்கான பூட்டு மிக மெல்லியது, மற்றவர்கள் படிப்பதையும் எழுதுவதையும் தடுக்காது. அப்போது ஒருவர் அதே அட்டவணையில் ஒரு நெடுவரிசையைச் சேர்க்க 'ஆல்டர் டேபிள்' கொடுக்கிறார். நெடுவரிசை சேர்ப்பது நொடியில் முடியும் வேலைதான். ஆனால் அதற்கு 'ஆக்சஸ் எக்ஸ்க்ளூசிவ்' என்ற முழுப்பூட்டு வேண்டும்; அறிக்கைக் கருவியின் மெல்லிய பூட்டு இருக்கும்வரை அது கிடைக்காது. ஆகவே காத்திருக்கிறது. இனிமேல்தான் வினை: அந்தக் காத்திருக்கும் முழுப்பூட்டுக்குப் பின்னால்தான் புதிதாக வரும் ஒவ்வொரு 'செலக்ட்'டும் வரிசையில் நிற்க வேண்டும். அறிக்கைக் கருவியோடு அவற்றுக்கு எந்தச் சண்டையும் இல்லை. இருந்தும் முந்திப் போக முடியாது. சில நொடிகளில் இணைப்புகள் நிரம்பி, புகார் 'டூ மெனி க்ளையன்ட்ஸ்' என்ற வேடத்தில் உங்களிடம் வருகிறது.

சங்கிலியின் தலையைப் பிடிக்க 'பிஜி_ப்ளாக்கிங்_பிட்ஸ்' (pg_blocking_pids) என்ற செயல்கூறு இருக்கிறது, பதிப்பு 9.6 முதல். 'பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி'யில் ஒவ்வொரு பிஐடிக்கும் (புராசஸ் எண்ணுக்கும்) அதை இயக்கினால், அதைத் தடுத்துக்கொண்டிருப்பவர்களின் பட்டியல் வரும். மேலே சொன்ன நிகழ்வில் செலக்ட்டுகளுக்கு நேரே ஆல்டரின் எண் இருக்கும்; ஆல்டருக்கு நேரே அறிக்கைக் கருவியின் எண் இருக்கும்; அறிக்கைக் கருவிக்கு நேரே பட்டியல் காலி. பிறரைத் தடுத்துக்கொண்டு, தான் தடுக்கப்படாமல் இருக்கிறதே அதுதான் வேர்.

அந்தப் பதிவை நிதானமாகப் படியுங்கள். 'ஸ்டேட்' என்பதில் 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்' என்றிருக்கும். 'க்வெரி' நெடுவரிசையில் உள்ளதை நம்பி ஏமாறாதீர்கள்: அது அந்த இணைப்பு கடைசியாக ஓட்டிய வினவல், பூட்டை எடுத்த வினவல் அதற்கு முன்னால் எப்போதோ ஓடியதாக இருக்கலாம். அங்கே ஓர் அப்பாவி 'செலக்ட் 1' நிற்பதைப் பார்த்துவிட்டு, இது தடுத்திருக்காது என்று கடந்துபோகிறவர்கள் உண்டு. பார்க்க வேண்டியது 'எக்ஸாக்ட்_ஸ்டார்ட்' (xact_start), அதாவது பரிவர்த்தனை தொடங்கிய நேரம். 'அப்ளிகேஷன்_நேம்', 'க்ளையன்ட்_ஆடர்' இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். நாளை யாரிடம் பேச வேண்டும் என்பதற்கான முகவரி அவைதான்.

இப்போது விடுவிக்கலாம். அவசரம் என்றால் ஆல்டரையே 'பிஜி_கேன்சல்_பேக்எண்ட்' கொண்டு ரத்து செய்யுங்கள். பின்னால் நின்ற செலக்ட்டுகள் உடனே பாய்ந்து போகும். யாருக்கும் நட்டமில்லை, ஆல்டரைப் பிறகு செய்துகொள்ளலாம். வேரையே அகற்றுவதானால் 'பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட்' வேண்டும். பரிவர்த்தனைக்குள் சும்மா இருக்கும் இணைப்பில் ரத்து செய்வதற்கு எந்த வினவலும் ஓடவில்லை, ஆகவே கேன்சல் அதைத் தொடாது.

இயங்குதளத்தின் 'கில் -9' கட்டளையைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள். ஒரு பின்னணிப் புராசஸ் அப்படித் திடீரெனச் செத்தால், பகிர்ந்த நினைவகம் கெட்டிருக்கலாம் என்று சர்வர் எண்ணி, மற்ற எல்லா இணைப்புகளையும் அறுத்துவிட்டு மீட்பு நிலைக்குப் போகும். ஒருவனை வெளியேற்றப் போய் ஊரையே காலிசெய்ததாகிவிடும். அதுமட்டுமல்ல, அப்படிப்பட்ட மீட்புக்குப் பிறகு செயல்பாட்டுப் புள்ளிவிவரங்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எந்த அட்டவணையில் எவ்வளவு குப்பை என்ற, செத்த பதிவுகளைத் தானாகத் துடைக்கும் ஆட்டோவேக்குவமின் கணக்கும் அதில் போய்விடும்.

மறுபடி நடக்காமலிருக்க: அமைப்பு மாற்றும் கட்டளைகளுக்கு முன் அந்த இணைப்பில் 'லாக்_டைம்அவுட்' (lock_timeout) 2 அல்லது 3 நொடி என்று வையுங்கள், பூட்டுக் கிடைக்காவிட்டால் தானே விலகிக்கொள்ளும், சிறிது கழித்து மறுபடி முயலலாம். 'ஐடில்_இன்_டிரான்சாக்ஷன்_செஷன்_டைம்அவுட்' அமைத்தால் மறந்துபோன பரிவர்த்தனைகள் தானாக அறுபடும். 'லாக்_லாக்_வெய்ட்ஸ்' (log_lock_waits) போட்டுவிடுங்கள், 'டெட்லாக்_டைம்அவுட்' அளவைத் தாண்டி, இயல்பாக 1 நொடி, யாராவது பூட்டுக்குக் காத்திருந்தால் லாகில் எழுதப்படும். நீங்கள் தூங்கும்போது நடந்ததையும் காலையில் படிக்கலாம்.

டிஸ்க் நிரம்பிக்கொண்டே போகிறது

முதலில் எந்த அடைவு வளர்கிறது என்று பாருங்கள். 'டியு' கட்டளை போதும். லாக் அடைவு என்றால் யாரோ 'லாக்_ஸ்டேட்மென்ட்' அமைவை 'ஆல்' என்று போட்டுவிட்டு மறந்திருப்பார்கள்; விஷயம் முடிந்தது. மற்ற இரண்டு இடங்கள்தான் பேச்சுக்குரியவை: 'பிஜி_வால்' அடைவும் 'பேஸ்' அடைவும்.

'பிஜி_வால்' வளர்ந்தால், எதையும் கையால் அழிக்காதீர்கள். தரவு மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் 16 எம்பி கோப்புகள் நூற்றுக்கணக்கில் அடுக்கடுக்காக இருக்கும். பழையதுதானே என்று தோன்றும். அவைதான் சர்வர் விழுந்தால் எழுவதற்கான ஒரே கயிறு. பதிப்பு 10க்கு முன்பு இந்த அடைவின் பெயர் 'பிஜி_எக்ஸ்லாக்'. லாக் என்ற சொல்லைப் பார்த்து வெறும் பதிவுக் கோப்புகள் என்று அழித்துத் தரவையே இழந்தவர்கள் இருந்ததால்தான் பெயரை மாற்றினார்கள்.

இந்தக் கோப்புகளைச் சர்வர் தானே அழித்துவிடும், யாரும் பிடித்திருக்காவிட்டால். பிடிக்கக்கூடியவர்கள் மூவர். ஒருவர், ரெப்ளிகா போன்றவை எதுவரை படித்தன என்று குறித்துவைக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட். 'பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ்' காட்சியில் 'ஆக்டிவ்' நெடுவரிசை பொய் என்று காட்டும் ஸ்லாட் எதுவாவது இருக்கிறதா? எப்போதோ கலைத்துவிட்ட ரெப்ளிகாவுக்கோ, சோதனை பார்த்துக் கைவிட்ட தரவு ஏற்றுமதிக் கருவிக்கோ அது சொந்தமாக இருக்கும். அந்தக் கருவி திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து கேட்கும் என்று சர்வர் நம்பிக்கையோடு எல்லாவற்றையும் சேர்த்துவைக்கிறது. உரியவரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு 'பிஜி_டிராப்_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்' கொண்டு நீக்குங்கள், பிறகு ஒரு 'செக்பாய்ன்ட்' கொடுங்கள். இடம் திரும்ப வரும். உரியவர் உண்மையில் இருந்தார் என்றால் அவருடைய ரெப்ளிகாவை முதலிலிருந்து கட்ட நேரிடலாம். அதைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பதிப்பு 13 முதல் 'மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ்' என்ற உச்சவரம்பு இருக்கிறது. அதன் இயல்பு மதிப்பு வரம்பின்மை. ஸ்லாட் பயன்படுத்தும் எவரும் இதை அமைக்காமல் தூங்கப் போகக்கூடாது என்பது என் கட்சி.

இரண்டாமவர், இந்தக் கோப்புகளைப் பேக்கப் இடத்துக்கு அனுப்பும் 'ஆர்க்கைவ்_கமாண்ட்'. பேக்கப் சேமிப்பிடம் நிரம்பியோ அனுமதி மாறியோ அந்தக் கட்டளை தோற்றால், சர்வர் சலிக்காமல் அதே கோப்பைத் திரும்பத் திரும்ப அனுப்ப முயலும்; அனுப்பாத எதையும் அழிக்காது. 'பிஜி_ஸ்டாட்_ஆர்க்கைவர்' காட்சியில் 'லாஸ்ட்_ஃபெயில்டு_டைம்' சமீபத்தியதாக இருந்தால் ஆள் அகப்பட்டான். கட்டளையை எப்போதும் வெற்றி சொல்லும் ஒன்றாக மாற்றி நெரிசலைத் தீர்க்கலாம். ஆனால் அந்த நொடியிலிருந்து உங்கள் பேக்கப் சங்கிலி அறுந்தது. உடனே புதிய முழு பேக்கப் எடுக்க வேண்டும். மூன்றாமவர் 'வால்_கீப்_சைஸ்' அமைவு. யாரோ தாராளமாக வைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

ஏற்கெனவே முழுதாக நிரம்பிச் சர்வரே நின்றுவிட்டதென்றால், தரவு அடைவுக்கு வெளியே உள்ள எதையாவது அகற்றி இடம் ஏற்படுத்துங்கள், அல்லது டிஸ்கைப் பெரிதாக்குங்கள். 'பிஜி_ரீசெட்வால்' பக்கம் போகாதீர்கள். அது எல்லாம் போன பிறகு மிஞ்சியதைச் சுரண்டி எடுக்கும் கருவி.

'பேஸ்' அடைவு வளர்ந்தால் அது பெரும்பாலும் செத்த பதிவுகள். போஸ்ட்கிரெஸ் ஒரு பதிவைத் திருத்தும்போது பழையதை அங்கேயே விட்டுவிட்டுப் புதியதை எழுதுகிறது. பழையதை வேக்குவம் பின்னால் வந்து துடைக்கும். ஓர் அட்டவணையில் ஐந்தில் ஒரு பங்கும் அதன்மேல் 50 பதிவும் செத்தால் ஆட்டோவேக்குவம் கிளம்பும் என்பது இயல்பு அமைவு. 'பிஜி_ஸ்டாட்_யூசர்_டேபிள்ஸ்' காட்சியில் 'என்_டெட்_டுப்' உயர்ந்துகொண்டே போக, 'லாஸ்ட்_ஆட்டோவேக்குவம்' மட்டும் சற்றுமுன் என்று காட்டினால் விநோதமாக இருக்கும்: துடைக்கிறது, ஆனால் போகவில்லை. 'வேக்குவம் வெர்போஸ்' கொடுத்துப் பாருங்கள். செத்த பதிவுகள் உள்ளன, இன்னும் நீக்க முடியாது என்று அதுவே சொல்லும். எங்கோ ஒரு பழைய பரிவர்த்தனைக்கு அவை இன்னும் கண்ணில் தெரிய வேண்டும் என்று பொருள்.

அந்தப் பழையவரை நான்கு இடங்களில் தேடுங்கள்: 'பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி'யின் 'பேக்எண்ட்_எக்ஸ்மின்', ஸ்லாட்களின் 'எக்ஸ்மின்', 'ஹாட்_ஸ்டாண்ட்பை_ஃபீட்பேக்' போட்ட ரெப்ளிகாவில் ஓடும் நீண்ட வினவல், 'பிஜி_ப்ரிப்பேர்டு_எக்ஸாக்ட்ஸ்' (pg_prepared_xacts). கடைசியானது மகா கள்ளன். இரண்டு கட்டமாக உறுதிசெய்யும் பரிவர்த்தனை பாதியில் கைவிடப்பட்டால் அது எந்த இணைப்போடும் சேர்ந்ததல்ல; ஆக்டிவிட்டி காட்சியில் தெரியாது, ரீஸ்டார்ட்டுக்கும் சாகாது. 'ரோல்பேக் ப்ரிப்பேர்டு' என்று பெயர் சொல்லித்தான் தீர்க்க வேண்டும்.

பிடித்தவர் விட்டபின் சாதாரண வேக்குவம் வேலை செய்யும். ஆனால் கோப்பு சுருங்காது, உள்ளே காலியிடம் மறுபயன்பாட்டுக்குக் கிடைக்கும். 'வேக்குவம் ஃபுல்' கோப்பைச் சுருக்கும்தான். அதற்கு முழுப்பூட்டும் வேண்டும், அட்டவணையின் புதிய பிரதிக்கு டிஸ்கில் இடமும் வேண்டும். டிஸ்க் நிரம்பிய நேரத்தில் அதைக் கொடுப்பது எரிகிற வீட்டில் எண்ணெய்.

நேற்றுவரை வேகமாக ஓடிய வினவல் இன்று ஊர்கிறது

வினவல் எந்தத் திட்டப்படி ஓடுகிறது என்று காட்டும் 'எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ்' கொடுத்து, ஒவ்வொரு படியிலும் எதிர்பார்த்த பதிவு எண்ணிக்கையையும் உண்மையில் வந்ததையும் ஒப்பிடுங்கள். 1 வரும் என்று எதிர்பார்த்து 3 லட்சம் வந்திருந்தால் திட்டம் அங்கேதான் தடம் புரண்டது. அந்த அட்டவணைக்கு, தரவின் புள்ளிவிவரங்களைப் புதுப்பிக்கும் 'அனலைஸ்' ஓட்டினாலே பல சமயம் சரியாகிவிடும். குறிப்பாக டம்ப் கோப்பிலிருந்து தரவை மீட்ட பிறகு இதை ஓட்ட மறந்திருந்தால். பதிப்பு மாற்றத்துக்கும் இதே கதைதான்: 18க்கு முன்பு 'பிஜி_அப்கிரேட்' புள்ளிவிவரங்களைக் கொண்டுவந்ததில்லை. ஒரு எச்சரிக்கை: எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் வினவலை உண்மையாகவே ஓட்டும். 'டெலீட்'டுக்குக் கொடுத்தால் அழித்தேவிடும். 'பிகின்', 'ரோல்பேக்' இரண்டுக்கும் நடுவில் வைத்துக் கொடுங்கள்.

வெளியீட்டில் 'எக்ஸ்டர்னல் மெர்ஜ்' என்று பார்த்தால் அடுக்கும் வேலை நினைவகம் போதாமல் டிஸ்குக்கு வழிந்திருக்கிறது. அந்த வினவலுக்கு மட்டும், அந்த இணைப்பில் மட்டும் 'வொர்க்_மெம்' கூட்டிப் பாருங்கள். சர்வர் முழுவதற்கும் ஏன் கூட்டக்கூடாது என்பது அடுத்த அறிகுறி.

லாகில் 'டெர்மினேட்டட் பை சிக்னல் 9'

நீங்கள் யாரும் கில் செய்யவில்லை என்றால் லினக்ஸ் செய்திருக்கிறது. 'டிமெஸ்க்' கட்டளையில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று பாருங்கள். 'வொர்க்_மெம்' ஓர் இணைப்புக்கான அளவல்ல; ஒரு வினவலில் வரும் ஒவ்வொரு அடுக்கும் கட்டமும் ஒவ்வொரு ஹாஷ் கட்டமும் தனித்தனியாக அந்த அளவுவரை, ஹாஷ் என்றால் அதற்கு மேலும், போகலாம். 256 எம்பி, 100 இணைப்பு, ஆளுக்கு இரண்டு அடுக்கு என்றால் சுமார் 50 ஜிபி. இயல்பு மதிப்பு 4 எம்பி என்று கஞ்சத்தனமாக வைத்திருப்பது காரணத்தோடுதான். சர்வருக்கென்றே ஒதுக்கிய கணினி என்றால் கர்னலின் 'விஎம்.ஓவர்கமிட்_மெமரி' 2 என்று வையுங்கள்; அப்போது நினைவகம் கேட்ட வினவல் மட்டும் பிழையோடு முடியும், சர்வர் உயிரோடு இருக்கும்.

அமைவை மாற்றினேன், மாறவில்லை

'பிஜி_செட்டிங்ஸ்' காட்சியில் அந்தப் பெயரைத் தேடுங்கள். 'பெண்டிங்_ரீஸ்டார்ட்' உண்மை என்றால் ரீஸ்டார்ட்டுக்குக் காத்திருக்கிறது. 'சோர்ஸ்ஃபைல்' வேறு கோப்பைக் காட்டினால், யாரோ முன்பு 'ஆல்டர் சிஸ்டம்' கொடுத்திருக்கிறார்கள். அது எழுதும் 'போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.ஆட்டோ.கான்ஃப்' உங்கள் கோப்பை எப்போதும் வெல்லும். 'சோர்ஸ்' என்பதில் 'யூசர்' அல்லது 'டேட்டாபேஸ்' என்றிருந்தால் அந்தப் பயனருக்கோ தரவுத்தளத்துக்கோ தனியாக அமைத்திருக்கிறார்கள்.

பரிவர்த்தனை எண் தீர்ந்துபோகிறது என்ற எச்சரிக்கை

லாகில் 'ரேப்அரவுண்ட்' என்ற சொல்லைப் பார்த்தால் மற்ற வேலைகளை நிறுத்துங்கள். பரிவர்த்தனை எண் 32 பிட். ஒப்பிடக்கூடிய தூரம் சுமார் 200 கோடி. ஓர் அட்டவணையின் வயது, அதாவது அதில் எஞ்சிய மிகப் பழைய பரிவர்த்தனை எண்ணுக்குப் பின் கடந்த எண்கள், 20 கோடியைத் தாண்டினால் ஆட்டோவேக்குவம் கட்டாயமாகக் கிளம்பும், அணைத்து வைத்திருந்தாலும்கூட. அதுவும் முடியாமல் மிச்சம் 4 கோடி என்ற நிலை வரும்போது எச்சரிக்கை வரும். பதிப்பு 14 முதல், 30 லட்சம் என்னும்போது எழுதும் வேலைகளைச் சர்வர் மறுத்துவிடும். படிப்பது நடக்கும். காரணம் அநேகமாக மேலே சொன்ன நான்கு பேரில் ஒருவர். அவரை விடுவித்துவிட்டு, வயது முதிர்ந்த அட்டவணைகளுக்குச் சாதாரண வேக்குவம் கொடுங்கள். ஃபுல் வேண்டாம், அதற்கே ஒரு பரிவர்த்தனை எண் தேவைப்படும்.

பதிவு இருக்கிறது, தேடினால் கிடைக்கவில்லை

கடைசியாக வைத்திருந்தாலும் இதுதான் மிகக் கொடியது, பிழைச்செய்தியே இல்லாமல் வருவதால். ஒரு மின்னஞ்சல் முகவரியைத் தேடினால் இல்லை என்கிறது. அட்டவணை முழுவதையும் படித்தால் அங்கே இருக்கிறது. தனித்தன்மை வேண்டிய நெடுவரிசையில் ஒரே மதிப்பு இரண்டு முறை நுழைந்திருக்கிறது.

அண்மையில் இயங்குதளத்தை மாற்றினீர்களா என்று கேட்பேன். எழுத்துகளை அகரவரிசைப்படுத்தும் விதியைப் போஸ்ட்கிரெஸ் பொதுவாக இயங்குதளத்தின் ஜிலிப்சி நூலகத்திடமிருந்து பெறுகிறது. 2018இல் வந்த ஜிலிப்சி 2.28 அந்த விதிகளைப் பெரிய அளவில் மாற்றியது. பழைய விதிப்படி அடுக்கிய இண்டெக்ஸில் புதிய விதிப்படி தேடினால் தவறான கிளையில் இறங்கி, இல்லை என்று திரும்பும். தரவு அடைவை அப்படியே புதிய இயங்குதளத்துக்கு நகர்த்தினாலும், பழைய பிரைமரிக்குப் புதிய இயங்குதளத்தில் ரெப்ளிகா அமைத்தாலும் இது நேரும். டம்ப் எடுத்து மீட்டால் நேராது, இண்டெக்ஸ் புதிதாகக் கட்டப்படுவதால்.

சோதிப்பது எளிது. '1-1' என்ற வரியையும் '11' என்ற வரியையும் அமெரிக்க ஆங்கில யுடிஎஃப்-8 விதியில் இயங்குதளத்தின் 'சார்ட்' கட்டளைக்குக் கொடுங்கள். '11' முதலில் வந்தால் பழைய நூலகம், '1-1' முதலில் வந்தால் 2.28 அல்லது அதற்குப் பிந்தியது. இரண்டு கணினிகளில் இரண்டு விடை வந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. 'ஆம்செக்' என்ற நீட்சியின் 'பிடி_இண்டெக்ஸ்_செக்' எந்தெந்த இண்டெக்ஸ் குலைந்திருக்கிறது என்று சொல்லும்.

தீர்வு, எழுத்து வகை நெடுவரிசைகள் மேலுள்ள இண்டெக்ஸ்களை 'ரீஇண்டெக்ஸ்' செய்வது. எண்கள் மேலுள்ளவற்றுக்கும் 'சி' கொலேஷனில் (அகரவரிசை விதியில்) உள்ளவற்றுக்கும் தேவையில்லை. தனித்தன்மை இண்டெக்ஸ் ஒன்று இரட்டைப் பதிவு இருக்கிறது என்று சொல்லிக் கட்ட மறுத்தால், எது அசல் என்று மனிதர் யாராவது உட்கார்ந்து முடிவுசெய்து மற்றதை அகற்ற வேண்டும். அதற்குக் குறுக்குவழி இல்லை. பதிப்பு 15 முதல் கொலேஷன் பதிப்பு பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை தரவுத்தள அளவிலும் வருகிறது. 'ஆல்டர் டேட்டாபேஸ் ரெஃப்ரெஷ் கொலேஷன் வெர்ஷன்' கொடுத்தால் அந்த எச்சரிக்கை மறையும், இண்டெக்ஸ் எதுவும் சரியாகாது. ஆகவே ரீஇண்டெக்ஸ் முழுவதும் முடிந்த பிறகே அந்தக் கட்டளையைக் கொடுங்கள்.